சுறா எண்ணெய் போட்ட சைக்கிள்

கிண்ணியாவில் ஸெய்னுதீனின் சைக்கிளைக் கண்ணால் பார்த்து அடையாளம் கண்டவர்கள் குறைவு. மூக்குத்தான் முதலில் கண்டுபிடிக்கும். ஆற்றுவாயைக் கடக்கிற அந்தத் தட்டை மிதவைக்கு ஊரில் பாதை என்று பெயர். விடியப்புறம் பெட்டி நிறைய மீனோடு அவர் பாதையில் ஏறினால், மற்ற மீன் வியாபாரிகள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து இடம் மாறி நிற்பார்கள். மீன் விற்கிறவர்களே மூக்கைப் பொத்துகிறார்கள் என்றால் யோசித்துப் பாருங்கள். அது பெட்டிக்குள் கிடந்த மீனின் மணமல்ல, செயினில் இருந்து வந்த நாற்றம்.

சுறா எண்ணெய். சுறா ஈரலை உருக்கி எடுத்த எண்ணெயைத்தான் அவர் தன் சைக்கிள் செயினுக்கும், பின்சில்லில் செயின் மாட்டுகிற பல்லுச் சக்கரமான பிறீவீலுக்கும் விட்டார். கொஞ்சநஞ்சமல்ல, வழிய வழிய விட்டார். மண் ஒட்டுகிறதே என்று துடைக்கவும் மாட்டார். அவருடைய வாப்பா வள்ளம் வைத்திருந்தவர். வள்ளத்துப் பலகைக்கு அந்த எண்ணெயைப் பூசி வெயிலில் காயவிட்டால் அது பலகையின் மேல் ஒரு தோலாகப் படிந்துவிடும், உப்புத் தண்ணீர் உள்ளே இறங்காது. மீன் பெட்டியில் இருந்து நாள் முழுக்க உப்புத் தண்ணீர் ஒழுகுகிற சைக்கிளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

"கடலே தொடப் பயந்த எண்ணெய்," என்பார் துறையடியில் நின்று. "உங்கட கடை எண்ணெயெல்லாம் பச்சத் தண்ணி!"

கடை எண்ணெய் என்று ஒன்று அப்போது கண்ணுக்குத் தெரிந்தால்தானே. வெளிநாட்டுச் சாமான் வருவது நிறுத்தப்பட்டிருந்த காலம். பாண் ரொட்டிக்கே வரிசை. சைக்கிள் கடைக்குப் போய்ச் செயின் இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரன் மேலும் கீழும் பார்த்துச் சிரிப்பான். உள்ளதை வைத்துக் காப்பாற்றுகிறவன்தான் சைக்கிள்காரன். தன்னைவிடக் கெட்டித்தனமாகக் காப்பாற்றுகிறவன் கிண்ணியாவிலேயே இல்லை என்று ஸெய்னுதீன் சத்தியம் பண்ணுவார். பலகையில் தோலாகப் படிகிற எண்ணெய் செயினிலும் அப்படித்தானே படியும் என்று அவரிடம் சொல்ல ஒருத்தருக்கும் துணிவில்லை. மனிசனுக்குக் கோபம் மூக்கு நுனியில்.

அந்தக் கோபத்துக்கு இப்போது ஒரு முகம் கிடைத்திருந்தது. மகள் ஸுல்பிகாவைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த மருமகன் கலீலுர் றஹ்மானின் முகம்.

கிண்ணியாவில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து குடியேறுவார். பெண்ணைப் பெற்றவர்கள் முன்வீட்டை விட்டுக்கொடுத்துப் பின்பக்கம் ஒதுங்குவார்கள். ஸுல்பிகாவின் கல்யாணம் முடிந்த கையோடு ஸெய்னுதீனும் மனைவி நபீஸாவும் குசினியை ஒட்டின அறைக்குப் போனார்கள். ஸெய்னுதீனும் ஒரு காலத்தில் நபீஸாவைக் கட்டிக்கொண்டு இதே வீட்டுக்கு வந்தவர்தான். இதே விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்து, தன் மாமனாரை இதே பின்னறைக்கு அனுப்பியவர்தான். அது அவருக்கு இப்போது ஞாபகமில்லை. ஞாபகப்படுத்தலாம் என்று நபீஸா ஒருநாள் வாயைத் திறந்தாள். அன்று சோற்றுக் கோப்பை முற்றத்தில் கிடந்தது.

"வீட்டப் புடிச்சான், புள்ளயப் புடிச்சான்," என்று அவர் பின்னறையில் இருந்து முன்வீட்டுக்குக் கேட்கக் கத்துவார். "இனி என்னத்தப் புடிக்கப் போறானோ!"

மாமனும் மருமகனும் நேருக்கு நேர் கதைத்துக்கொள்ளாத ஊர் அது. அது மரியாதை. இந்த வீட்டுக்கு அந்த மரியாதை மிக வசதியாகப் போயிற்று. கேட்கவேண்டியதையெல்லாம் பெண்களிடம் கத்தினால் போதும், போய்ச் சேரவேண்டிய காதுக்குத் தானாகப் போய்ச் சேரும்.

இனி என்னத்தைப் பிடிக்கப் போகிறான் என்பதற்கு ஸெய்னுதீனின் மனதில் பதில் இருந்தது. ஓர்ஸ் ஹில்.

கலீலும் மீன் வியாபாரிதான். அவன் போவது சீனக்குடாப் பக்கம். தட்டை ரோட்டு, பகலைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ஸெய்னுதீன் அதையும் தாண்டி, உள்துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு டவுனுக்குப் போய், ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் ஏறுவார். அரசாங்கக் கந்தோர் உத்தியோகத்தர்களின் வீடுகள் இருக்கும் இடம். பெட்டியோடு அந்த ஏற்றத்தில் மிதித்து ஏற வேறு வியாபாரிகள் முன்வருவதில்லை. இவர் ஏறுவார். சீற்றில் இருந்து எழும்பி நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பார். மேலே போய் மணியை அடித்தால் ஒவ்வொரு கதவாகத் திறக்கும். "மீன் நானா வந்திட்டார்!" என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். கிண்ணியாவில் அவருடைய தலை தெரிந்தால் சாத்துகிற கதவுகள்தான் அதிகம். ஓர்ஸ் ஹில்லில் அவருக்காகத் திறந்தார்கள். வீடு போயிற்று, விறாந்தை போயிற்று, அந்த மலை ஒன்றுதான் அவருடையது என்று மிச்சம் இருந்தது. அதுவும் போனால் பின்னறையில் பாயைப் போட்டுக் கிடக்கவேண்டியதுதான்.

இந்த நேரத்தில்தான் அந்தச் சத்தத்தை அவர் கவனித்தார்.

கிண்ணியாவில் வெள்ளிக்கிழமை மீன் வியாபாரம் கிடையாது. ஸெய்னுதீன் நேரத்தோடு குளித்து, முதல் வரிசையில் இடம் பிடிக்க ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். தொழுதுவிட்டு வந்து சைக்கிளை உருட்டினால் பின்சில்லில் இருந்து டிக் டிக் டிக் என்று சத்தம் வரும். சனிக்கிழமையும் வரும். பிறகு அவர் எண்ணெய் விட விடச் சத்தம் மெல்ல மெல்லக் குறையும். வியாழக்கிழமை ஆகும்போது சைக்கிள் மூச்சுக் காட்டாது. ஆஹா, இதுவல்லவா சைக்கிள் என்று பூரித்துப் போவார். வெள்ளிக்கிழமை பின்னேரம் பார்த்தால் சொல்லி வைத்தாற்போல் மறுபடியும் டிக் டிக்.

ஒருநாள் குனிந்து முகர்ந்து பார்த்தார். சுறா எண்ணெய் மணத்துக்குள்ளே மண்ணெண்ணெய் மணம் ஒன்று ஒளிந்திருந்தது.

அவ்வளவுதான். வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"நபீஸா! இந்த வீட்டில ஒரு கள்ளன் இரிக்கான்!"

"என்ன களவு போயிட்டு?" குசினியில் இருந்தபடியே கேட்டாள் நபீஸா. மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"என்ட எண்ணெய்! நான் விட்ட எண்ணெயக் கழுவி எடுத்திட்டுக் கண்ட தண்ணியையும் ஊத்தி வெச்சிரிக்கான். நான் பள்ளிக்குப் போற நேரம் பாத்துச் செய்யிறான். என்ட சைக்கிள் மலையில உடைஞ்சு விழோணும், தான் அந்த மலைக்கு ஏறோணும். அதுதான் அவன்ட நினைப்பு!"

"அவன் எவன்?"

"உன்ட மாப்பிள்ளைதான், வேற ஆரு?"

முன்வீட்டில் ஸுல்பிகா அழுகிற சத்தம் கேட்டது. வயிற்றில் பிள்ளையோடு இருந்தவள், தொட்டதற்கெல்லாம் அழுதாள்.  பிறகு கலீலின் குரல் கேட்டது. அவனும் மாமியாரைத்தான் கூப்பிட்டான்.

"மாமி, கள்ளன் இரிக்கிற வீடெண்டாப் பூட்டுப் போடச் சொல்லுங்க."

"போடாம விடுவனா?" என்றார் ஸெய்னுதீன், சுவரைப் பார்த்து.

போட்டார். நாய் கட்டுகிற இரும்புச் சங்கிலி ஒன்றைத் தேடி எடுத்து, பின்சில்லின் கம்பிகளுக்குள்ளால் விட்டு, குசினி வாசல் தூணோடு சேர்த்துக் கட்டிப் பூட்டினார். சில்லு அரைச் சுற்றுக்கூடச் சுற்றாது. சாவியை அரைஞாணில் கோர்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போகிறபோது நின்று நிதானமாகப் பூட்டை ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். வந்து பார்த்தார். மண்ணெண்ணெய் மணம் இல்லை. பூட்டைத் திறந்தார். உருட்டினார். டிக் என்று ஒரு சத்தமில்லை.

"எப்படி?" என்றார் தூணிடம்.

அந்தச் சந்தோசத்தில் எண்ணெயை இன்னும் தாராளமாக விட்டார். செயின் கறுத்துப் பிசின் போல மின்னியது. ரோட்டு மண்ணெல்லாம் அதில் வந்து ஒட்டிக்கொண்டது. ஓர்ஸ் ஹில் பூனைகள் பெட்டியை விட்டுவிட்டு செயினை நக்க வந்தன. பெடல் கொஞ்சம் பாரமாக இருந்தது உண்மைதான். உடம்புக்குத்தான் வயதாகிறது என்று நினைத்துக்கொண்டார். சில நேரம் மிதிக்கும்போது கால் ஒரு நொடி சும்மா போய், பிறகு பிடித்தது. ரோட்டைத் திட்டினார். ரோட்டுப் போட்ட கொன்றாக்கரைத் திட்டினார். சத்தமில்லாத சைக்கிளில் பிழை இருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

அடுத்த வாரம் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில், அதுவும் நடு ஏற்றத்தில், கால் சும்மா போனது. போனது போனதுதான், பிடிக்கவில்லை. பெடல் ராட்டினம் போலச் சுற்றுகிறது, சில்லு அசையவில்லை. சைக்கிள் நின்றது. நின்றது மட்டுமா, பெட்டிப் பாரத்தோடு பின்னுக்கு உருண்டது. ஸெய்னுதீன் பாய்ந்து இறங்கி, ஹாண்டிலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, செருப்புத் தேய ஊன்றி நின்றார். பெட்டி சரிந்து இரண்டு பாரை மீன் ரோட்டில் விழுந்து மண்ணில் புரண்டன.

பெடலைக் கையால் முன்னுக்குச் சுற்றினார். சும்மா சுற்றியது. பின்னுக்குச் சுற்றினார். அதுவும் சும்மா சுற்றியது. செயின் அறவில்லை, பல்லு உடையவில்லை, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஆனால் சைக்கிள் செத்துப் போயிற்று. ஒரு சத்தமும் இல்லாமல் செத்துப் போயிற்று.

மிச்ச ஏற்றம் முழுக்க உருட்டினார். வெயில் ஏறிவிட்டது. முதல் வீடு கிளாக்கர் கனகரத்தினத்தின் வீடு. அவருடைய மனைவி நல்லம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன நானா, இவ்வளவு நேரம்? நான் பருப்பை அடுப்பில வைச்சிட்டன்."

"சைக்கிள் பழுதாப் போச்சு தங்கச்சி. கொஞ்சம் எடுங்களன், நல்ல பாரை."

நல்லம்மா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். வெயிலில் கிடந்த மீன். மரியாதையாகக் கீழே வைத்தாள். "நாளைக்கு நேரத்தோட வாங்கோ," என்றாள். மற்ற வீடுகளிலும் அதே கதைதான். திறந்த கதவுகள் மெல்லச் சாத்தின. அவருடைய முகத்தில் ஈயாடவில்லை.

ஓர்ஸ் ஹில்லில் இருந்து துறையடி வரைக்கும் செத்த சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். வழி நெடுக அவர் ஒரே ஒரு ஆளைத்தான் நினைத்தார். துறைக்கு வந்தபோது அந்த ஆள் அங்கே நின்றான். அன்று கலீலுக்கும் வியாபாரம் சுணங்கியிருக்கவேண்டும். வெறும் பெட்டியோடு, மற்ற வியாபாரிகளோடு, பாதை வரும்வரை நின்றுகொண்டிருந்தான்.

ஸெய்னுதீன் சைக்கிளை அப்படியே மண்ணில் போட்டார்.

"டேய்!"

துறையடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாமன் மருமகனை 'டேய்' என்றதை அந்தத் துறை அதுவரை கேட்டதில்லை.

"என்ட சைக்கிளுக்கு என்னடா செஞ்சாய்? உள்ளுக்குள்ள இருந்து என்னத்தடா களட்டினாய்?"

"மாமா, வீட்ட போய்க் கதைப்பம்," என்றான் கலீல். முகம் சிவந்துவிட்டது.

"ஆர்ட வீட்டுக்குடா? அந்த வீட்டையும் நீதானே புடிச்சு வெச்சிரிக்காய்! நடு ஏற்றத்தில விட்டுட்டுதுடா. பின்னுக்கு உருண்டு மண்டை உடைஞ்சிரிந்தா உனக்குச் சந்தோசம். மலை கிடைச்சிருக்கும். கள்ளா! பொறுக்கி!"

கலீல் கையில் இருந்த தொப்பியைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்தான். பொறுத்துக்கொண்டிருந்தவன் பொறுமையை அங்கேயே இறக்கி வைத்தான்.

"ஓம், தொட்டது நாந்தான்," என்றான். "கேட்டுக்கோங்க எல்லாரும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இவர் நேரத்தோட பள்ளிக்குப் போனாப் புறகு, நான் தொழப் போக முந்தி, இந்தச் சைக்கிளச் சரிச்சுப் போட்டு, பிறீவீல் இடுக்கால மண்ணெண்ணெய விட்டு, சுத்திச் சுத்தி அந்த நாறின பசையக் கழுவினவன் நான். துறையில வள்ளக்காரரிட்ட வாங்கின எஞ்சின் எண்ணெயில ரெண்டு சொட்டு விட்டு வெச்சவனும் நான். அதுக்குள்ள சின்ன நாக்கு ரெண்டு இரிக்கி மாமா. அது எழும்பிப் பல்லக் கவ்வினாத்தான் சில்லு சுத்தும். உங்கட சுறா எண்ணெய் காஞ்சு அந்த நாக்க ஒட்ட வெச்சிரும். கழுவினா எழும்பும். நீங்க கேட்ட டிக் டிக் அதுட சத்தம். சத்தம் இல்லாட்டி நல்லம் எண்டு நினைச்சீங்க. பூட்டுப் போட்டீங்க. நானும் விட்டுட்டன். இப்ப உருட்டுங்க!"

பின்னால் யாரோ ஒருவன் சிரித்தான். ஸெய்னுதீன் சிரித்தவனை ஒரு முறை முறைத்துவிட்டு மருமகனிடம் திரும்பினார். 

"உன்ன ஆருடா செய்யச் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. உங்களுக்காகச் செஞ்சன் எண்டு மட்டும் நினைச்சிராதீங்க. எனக்காகத்தான் செஞ்ச." கலீல் இன்னும் கிட்ட வந்தான். இப்போது அவனுடைய குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் முன்னைவிடக் கூர்மையாக இருந்தது. "நான் பகலைக்கு வீட்ட வாறன். நீங்க மலையால இறங்கி வாறது பின்னேரம் அஸர் தொழுகைக்கு. அதுக்குள்ளதான் நான் நிம்மதியா ரெண்டு பிடி சோறு திண்ணுற. ஸுல்பிகாவோட ரெண்டு சொல்லுக் கதைக்கிற. நீங்க அந்த மலையில நிக்கிற நேரம்தான் அது என்ட வீடு. மலை போச்செண்டா நீங்க நாள் முழுக்க வீட்டில இருப்பீங்க. யா அல்லாஹ், அத ஆர் தாங்கிற?"

இந்தத் தடவை ஒருவனல்ல, பாதைக்கு நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

உங்கள் மேல் உள்ள அன்பில் செய்தேன் என்று அவன் சொல்லியிருந்தால், பொய் என்று ஸெய்னுதீன் காறித் துப்பியிருப்பார். வெறுப்பில் செய்தேன் என்கிறான். அதில் பிடிக்க ஒரு பொய்யும் இல்லை. அதுதான் மீன்முள் போலத் தொண்டையில் நின்றது. சைக்கிளைத் தூக்கி நிமிர்த்திக்கொண்டு பாதையின் ஒரு மூலையில் போய் நின்றார். அன்று ஒருவரும் காற்றுப் பார்த்து இடம் மாறவில்லை. எல்லோரும் ஏற்கெனவே அவரைவிட்டுத் தள்ளித்தான் நின்றார்கள்.

அதற்காக மனிசன் திருந்திவிட்டார் என்று நினைத்தால் உங்களுக்கு ஸெய்னுதீனைத் தெரியாது. அன்று பின்னேரமே சுறா எண்ணெய்ப் போத்தலை எடுத்து, மருமகன் பார்க்கப் பார்க்க, பிறீவீலுக்கு அரைப் போத்தலைக் கவிழ்த்தார். "எண்ணெய் காணாம இருந்திரிக்கி, வேறொண்டுமில்ல," என்றார் நபீஸாவிடம். சுற்றிப் பார்த்தார். சும்மா சுற்றியது. மறுநாள் விடியத் துறைக்குப் போகிற வழியில் ஹிஸ்புல்லாவின் சைக்கிள் கடையில் நிறுத்தினார். ஹிஸ்புல்லா குனியவே இல்லை. ஒரு காலத்தில் இவர் அவனுடைய கடை வாசலில் நின்று அவனை ஊருக்கே கேட்கக் கள்ளன் என்று கத்தியவர்.

"புது பிறீவீல் போடோணும் காக்கா," என்றான், அண்ணன் என்கிற முறை மட்டும் தவறாமல்.

"போடன்."

"கப்பல்ல வந்தாப் போடலாம். கப்பல் எப்ப வருமெண்டு எனக்குத் தெரியா, நீங்க துறைமுகத்தப் பாத்துப் பாத்துத்தானே போறீங்க, கண்டாச் சொல்லுங்க."

மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அன்றும் உருட்டினார். அதற்கு அடுத்த நாளும் உருட்டினார். பஸ்ஸில் மீன் பெட்டியை ஏற்ற மாட்டார்கள். உருட்டிக்கொண்டு மலைக்குப் போய்ச் சேரும்போது எல்லா வீட்டிலும் கறி கொதித்து இறக்கியிருந்தது. மணி அடித்தால் பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடின. வியாழக்கிழமை நல்லம்மா வாசல் படலைக்கு வந்து நின்றாள். அவள் நல்ல மனுசி, ஒருவரையும் நோகடிக்கத் தெரியாது. அன்று அவள் சொன்னதைப் போல அவரை நோகடித்தது வேறொன்றுமில்லை.

"நானா, ஏன் இந்த வயசில இப்பிடிக் கஸ்ரப்படுறியள்? உங்கட மருமகனும் மீன் விக்கிறவர்தானே. சனிக்கிழமையில இருந்து அவரை வரச் சொல்லுங்கோவன். நீங்கள் வீட்டில ஆறுதலா இருக்கலாம்."

 அவர் பெட்டியை மூடினார். இறக்கத்தில் ஏறி உட்கார்ந்து போயிருக்கலாம், இறங்குவதற்குப் பெடல் தேவையில்லை. அதற்கும் மனமில்லாமல் உருட்டிக்கொண்டே இறங்கினார். கீழே உள்துறைமுகம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. கப்பல் ஒன்றையும் காணவில்லை.

வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்து, அரைஞாணில் இருந்த சாவியை எடுத்தார். பூட்டைத் திறந்தார். சங்கிலியை உருவி மண்ணில் போட்டார், சத்தம் முன்வீட்டுக்குக் கேட்கிற மாதிரிப் போட்டார்.  வழக்கத்தைவிட நேரத்தோடு பள்ளிக்குப் போனார். தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் தூணோரமாக உட்கார்ந்திருந்தார். கள்ளனுக்குக் களவெடுக்க நேரம் கொடுக்கவேண்டாமா?

ஆறுதலாக நடந்து வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் கால் வைத்ததும் முதலில் முகர்ந்தார். சுறா எண்ணெய் மணம் மட்டும்தான்.

சைக்கிள் நின்ற இடத்தில் நின்றது. சங்கிலி விழுந்த இடத்தில் கிடந்தது. சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு மண்ணெண்ணெய்ப் போத்தல், அதன்மேல் மடித்து வைத்த பழந்துணி. போத்தல் மூடி திறக்கப்படவே இல்லை. முன் விறாந்தையில், ஒரு காலத்தில் ஸெய்னுதீனின் கதிரையாக இருந்த கதிரையில், கலீல் சாய்ந்து உட்கார்ந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேக்கோணுமாம்," என்றாள் நபீஸா குசினி வாசலில் நின்று. "கள்ளன் பேர் வாங்கியாச்சாம். இனி உங்கட வாயால கேக்காமச் சைக்கிளத் தொடமாட்டாராம்."

"அவன்ட தயவு எனக்குத் தேவையில்ல!"

தானே குந்தினார். போத்தலைத் திறந்து மண்ணெண்ணெயைச் செயின் முழுக்க ஊற்றினார். அது செயினால் வழிந்து மண்ணில் இறங்கியது. கூப்பனுக்கு வாங்கிய மண்ணெண்ணெய், நபீஸா வாயில் கையை வைத்துக்கொண்டாள். பெடலைப் பிடித்துச் சுற்றினார். சும்மா சுற்றியது. ஓங்கி ஒரு அடி அடித்தார். இன்னும் வேகமாகச் சும்மா சுற்றியது. கை முழுக்கக் கறுப்புப் பிசின். நாளைக்குச் சனிக்கிழமை. நாளைக்கும் மணி அடித்துக் கதவு திறக்காவிட்டால் அந்த மலையில் இனி அவருக்குக் கதவு இல்லை. அந்த நினைப்பு வந்ததும் அவருக்கு அழுகை வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டார். எழும்பினார். முன்வீட்டைப் பார்த்துத் திரும்பினார். இந்தக் கல்யாணம் நடந்த நாளில் இருந்து அந்த வீட்டுக்குள் அவர் மருமகனை நேராகக் கூப்பிட்டது அன்றுதான்.

"மருமகன்!"

ஊருக்கே கேட்டிருக்கும்.

"அங்க இருந்து என்ன பாக்கிறீங்க? வாங்க! வந்து உங்கட களவச் செய்ங்க!"

கலீல் உடனே எழும்பவில்லை. கேட்டதை இன்னொரு தடவை மனதுக்குள் கேட்டுப் பார்க்கிறவன் மாதிரிக் கொஞ்சம் இருந்தான். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். முதலில் சைக்கிளைத் தொடவில்லை. சீற்றுக்குக் கீழே கட்டித் தொங்கிய சுறா எண்ணெய்ப் போத்தலை அவிழ்த்து எடுத்து, மாமனாரின் முகத்துக்கு நேரே பிடித்தான். தக்கையை இழுத்தான்.

ஸெய்னுதீனின் வாப்பாவின் வள்ளம், கடல் தொடப் பயந்த எண்ணெய் என்று துறையடியில் பேசிய பேச்சு எல்லாம் அந்தப் போத்தலுக்குள் இருந்தன. ஒரு சொல் சொன்னால் போதும், மருமகன் போத்தலைத் திருப்பித் தந்துவிட்டுப் போய்க் கதிரையில் உட்கார்ந்துவிடுவான். அவர் சொல்லவில்லை.

கலீல் முருங்கை மரத்தடியில் போத்தலைக் கவிழ்த்தான். எங்கிருந்தோ இரண்டு பூனைகள் ஓடி வந்தன.

பிறகு சைக்கிளைச் சரித்துப் போட்டான். மிஞ்சியிருந்த மண்ணெண்ணெயைத் துணியால் வடித்து, பிறீவீலின் இடுக்குக்குள் சொட்டுச் சொட்டாக விட்டான்.

"பெடலப் பிடிங்க," என்றான்.

ஸெய்னுதீன் குந்திப் பிடித்தார்.

"பின்னுக்குச் சுத்துங்க. மெல்லமா. மெல்லமா எண்டா மெல்லமா! மாடா கட்டியிரிக்கி?"

"வாயப் பொத்திட்டு ஊத்துங்க," என்றார் ஸெய்னுதீன்.

சுற்றினார். உள்ளே இருந்து கறுப்பாக, கட்டியாக, மண்ணும் பிசினும் ஒழுகியது. அதன் நாற்றத்தில் நபீஸா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். கலீல் துடைத்தான், விட்டான், துடைத்தான். இருவருடைய தலையும் ஏறக்குறைய முட்டிக்கொள்கிற அளவுக்குக் கிட்ட இருந்தன, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒழுகுவது கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

டிக்.

ஸெய்னுதீனின் கை நின்றது.

"நிப்பாட்டாதீங்க!"

மறுபடியும் சுற்றினார். டிக். டிக் டிக். பிறகு நிற்காமல் டிக் டிக் டிக் என்று கிளம்பியது. கலீல் பெடலை முன்னுக்கு ஒரு அழுத்து அழுத்தினான். பின்சில்லு விர்ரென்று சுழன்றது.

ஸெய்னுதீன் எழும்பிக் கறுப்புக் கையைச் சாரத்தில் துடைத்தார். அந்தச் சத்தம் இன்னும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த சில்லைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் அதைப் பார்த்தே சொன்னார்.

"நாளைக்கு அஸருக்கு முந்தி நான் வீட்டுக்கு வரமாட்டன்."

"வராதீங்க," என்றான் கலீல்.